ஒரு போனுக்கு ஒரே ஆப் கடை போதுமா? சேலத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் உள்ள கொலுசுப் பட்டறைகளுக்காக ஒரு கணக்கு ஆப் செய்து நடத்தி வருகிறேன். யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எத்தனை கிராம் திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி எவ்வளவு என்பதை அது எழுதி வைக்கும். ஆப்பைப் போட்டுக் கொடுக்கப் பட்டறைக்குப் போனால், டீ வருவதற்குள் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களைத்தான் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் செய்கிற கம்பெனிகள் போட்டி ஆப் ஸ்டோர்களுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். அதே சமயம், வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற ஏபிகே கோப்பை, அதாவது அழுத்தினால் ஆண்ட்ராய்டு போனில் நேராக ஆப்பாக ஏறிவிடும் கோப்பை, நான் ஒரு நாளும் கடை என்று சொல்ல மாட்டேன். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பேச்சு குழம்பிப் போகிறது.

ஆப் ஸ்டோர்னா ஆப் இறக்குற இடம். அதுல போட்டின்னா என்னங்க?

ஐபோனில் ஆப் ஸ்டோர், ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர். இரண்டும் 2008இல் வந்தவை. ஆப்பிள் ஜூலையில் சுமார் 500 ஆப்களோடு திறந்தது. கூகுள் அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்ற பெயரில் திறந்து, 2012இல் பிளே ஸ்டோர் என்று மாற்றிக்கொண்டது. அதே போனில் இன்னொருவர் நடத்தும் கடையும் இருந்து, அங்கிருந்தும் ஆப் இறக்க முடிந்தால் அது போட்டிக் கடை.

ஆண்ட்ராய்டுலதான் ஏற்கெனவே வேற கடை போட்டுக்கலாமே. அப்புறம் என்ன பிரச்சினை?

போட்டுக்கொள்ளலாம், உண்மைதான். சாம்சங் போனில் கேலக்ஸி ஸ்டோர் இருக்கிறது. ஷாவ்மி, ஹுவாவெய் கம்பெனிகளுக்கும் சொந்தக் கடை உண்டு. 2010 முதல் எஃப்-டிராய்டு என்ற கடை, மூல நிரல் திறந்து வைக்கப்பட்ட இலவச ஆப்களை மட்டும் கொடுத்து வருகிறது.

ஆனால் கதவு இருப்பது வேறு, அந்தக் கதவு வழியாக ஆள் வந்து போவது வேறு. புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பிளே ஸ்டோர் முகப்பில் உட்கார்ந்திருக்கும். போட்டிக் கடையைப் பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. அதன் வலைதளத்துக்குப் போய், கோப்பை இறக்கி, 'தெரியாத மூலம்' என்ற எச்சரிக்கையைத் தாண்டி, அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுத்து, மறுபடி வந்து இன்ஸ்டால் அழுத்த வேண்டும். நான் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும், அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. ஒழுங்காக நடக்கும் கடைக்கும் திருட்டுக் கோப்புக்கும் ஒரே எச்சரிக்கையைக் காட்டுவதுதான் தப்பு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மற்ற ஆப் கடைகளைப் பிளே ஸ்டோர் வழியாகவே கொடுக்க அனுமதிக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் சில கட்டளைகளை நீக்கிவிட்டது, அவற்றில் இதுவும் ஒன்று. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். அந்த ஒரு கட்டளை நின்றிருந்தால் அது நேராக உங்கள் போனுக்கு வந்திருக்கும்.

அமெரிக்காவில் எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2023 டிசம்பரில் ஜூரி கூகுளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. போட்டிக் கடைகள் தலையெடுக்காமல் இருக்கப் போன் தயாரிப்பாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களும் அந்த வழக்கில் அலசப்பட்டன. கதவு திறந்தேதான் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐபோன்ல?

இந்தியாவில் விற்கும் ஐபோனில் ஆப்பிளின் கடை ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் சட்டத்தால் மற்ற கடைகளுக்கு வழி வந்தது. ஜப்பானிலும் அப்படி ஒரு சட்டம் 2025 டிசம்பரில் முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டது.

கடைக்காரன் கமிஷன் எடுக்குறது ஊர் வழக்கம்தானே? அதுல என்ன அநியாயம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பட்டறைக்காரர்கள் வியாபாரிகள் ஆயிற்றே, கமிஷன் என்றால் கோபம் வராது, கணக்குத்தான் கேட்பார்கள்.

லீ பஜாரில் சரக்கு இறக்கும் விவசாயி மண்டிக்குக் கமிஷன் கொடுக்கிறார். மண்டிக்காரர் இடம் கொடுக்கிறார், வாங்குகிறவர்களைச் சேர்க்கிறார், பணத்துக்குப் பொறுப்பேற்கிறார். கமிஷன் நியாயமான காசுதான். அந்த மண்டி சரிப்படவில்லை என்றால் அடுத்த மண்டிக்கு வண்டியைத் திருப்பலாம். அதுவும் வேண்டாம் என்றால் விடியற்காலையில் சூரமங்கலத்துக்கோ தாதகாப்பட்டிக்கோ போய் உழவர் சந்தையில் தராசைப் போட்டு உட்காரலாம். 1999இல் உழவர் சந்தை வந்ததால் மண்டிகள் மூடிப் போய்விடவில்லை. ஆனால் 'எனக்கு வேற இடம் இருக்கு' என்று சொல்லும் வாய் விவசாயிக்குக் கிடைத்தது. பேரம் என்பது அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது.

ஆப் செய்கிறவனிடம் அந்த வாக்கியம் இல்லை. வெகுகாலம் இரண்டு பெரிய கடைகளும் 30 விழுக்காடு எடுத்தன. வழக்கு, விசாரணை என்று நாலாபக்கமும் நெருக்கடி வந்த பிறகே 2021இல் சிறியவர்களுக்கு 15 விழுக்காடாகக் குறைந்தது. போட்டி இருந்திருந்தால் இதற்குப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆப் வழியாகக் கொலுசையே விற்றால் ஸ்டோருக்குக் கமிஷன் கிடையாது, ஏனென்றால் அது கையில் தொடும் பொருள். கொலுசுக்குக் கணக்கு எழுதும் வசதியை ஆப்புக்குள் சந்தாவாக விற்றால் கமிஷன் உண்டு, ஏனென்றால் அது டிஜிட்டல் பொருள். மாதம் 100 ரூபாய் சந்தாவில் 15 ரூபாய். அதே 15 ரூபாய்க்கு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு யுபிஐயில் அனுப்பினால் டீக்கடைக்காரருக்கு 15 ரூபாயும் முழுசாகப் போய்ச் சேர்கிறது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வியாபாரிக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கித் தருவதற்குத்தான் இந்தக் கமிஷன் என்று யாராவது சொன்னால், அந்த டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைத்தான் காட்டுவேன்.

ஆப்களைச் சோதிப்பதற்கும், சேமித்து வைப்பதற்கும், உலகம் முழுக்க அனுப்புவதற்கும் செலவு ஆகும், ஒப்புக்கொள்கிறேன். அது எவ்வளவு பெறும் என்பதைச் சந்தை சொல்லட்டும். இப்போது அதைச் சொல்வது கமிஷன் வாங்குகிற கடைக்காரர் மட்டும்தான்.

உங்களுக்கு அதனால என்ன நஷ்டம் ஆச்சு?

கமிஷனைவிட எனக்கு வலித்தது வேறு. ஒரு தீபாவளிக்கு முன்பு, சீசன் உச்சத்தில், என் அப்டேட்டில் ஒரு பிழை புகுந்துவிட்டது. தராசு மூன்று தசமம் காட்டும். என் ஆப் மூன்றாவது தசமத்தை விட்டுவிட்டுக் கூட்டியது. ஒரு ஜோடிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாரச் சரக்கில் கூலியாளின் பேரில் சேதாரம் கூடுதலாக ஏறி நின்றது. வெள்ளி விஷயத்தில் அது வெறும் எண் பிழையாக நிற்காது, 'நீ எடுத்தியா' என்ற பேச்சு வந்துவிடும். பிழை என்னுடையது. அன்று சாயங்காலமே திருத்தி அனுப்பிவிட்டேன். கடைத் தரப்பில் அதை நிறுத்தி வைத்தார்கள். காரணமாக இரண்டு வரி வந்தது, அதுவும் இயந்திரம் எழுதியது, எந்த விதி என்று மட்டும் இல்லை. நான் விளக்கம் எழுதினேன், அதே இரண்டு வரி திரும்ப வந்தது. ஒன்பதாம் நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியிட்டுவிட்டார்கள்.

அந்த ஒன்பது நாளும் பட்டறைகளில் நீள நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு அண்ணன் பழைய பக்கத்தைப் புரட்டி, பேனாவை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டே, "இதுல அப்டேட் வராது தம்பி, நிம்மதி" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்னொரு கடை இருந்து, அங்கே அவர்கள் வாடிக்கையாக இருந்திருந்தால், மறுநாளே திருத்தம் போய்ச் சேர்ந்திருக்கும்.

போன் அவங்க செஞ்சது. அவங்க வீட்ல அவங்க விதிதானே?

போனை அவர்கள் செய்தார்கள், நாம் காசு கொடுத்து வாங்கினோம். வாங்கிய பிறகு அது நம் வீடு. கம்ப்யூட்டரில் விண்டோஸ் செய்த கம்பெனியும் கடை வைத்திருக்கிறது. ஆனாலும் டேலியையோ வேறொரு மென்பொருளையோ அதைச் செய்தவரிடமே வாங்கிப் போடுகிறோம். அதனால் யாரும் நஷ்டப்பட்டுப் போகவில்லை.

எல்லாரும் கடை திறந்தா திருட்டு ஆப்புதானே பெருகும்? எங்க சொந்தக்காரர் பணமே போச்சுங்க.

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் நான் வாதாட மாட்டேன், முதலில் உட்கார்ந்து கேட்பேன். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் நடந்தது.

சித்தப்பா ஏற்காட்டில் இருக்கிறார். நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டங்களிலிருந்து சேலத்துக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். ஒரு நாள் காலையில் வாட்ஸ்அப்பில் அவருடைய வண்டி எண்ணைப் போட்டு, போக்குவரத்து அபராதம் என்று ஒரு செய்தி. கூடவே ஆர்டிஓ சலான் என்ற பெயரில் ஒரு ஏபிகே கோப்பு. வண்டி ஓட்டுகிறவருக்குச் சலான் என்றால் கை தானாகப் போகும். அழுத்தினார். இன்ஸ்டால் செய்யலாமா என்று கேட்டது, ஆம். எஸ்எம்எஸ் படிக்கலாமா என்று கேட்டது, ஆம். திரையில் ஒரு அரசு முத்திரை வந்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் இல்லை போல என்று பையில் போட்டுவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். அடிவாரத்தில் பெட்ரோல் பங்கில் யுபிஐ போட்டால் இருப்பு இல்லை. 38,000 ரூபாய் மூன்று தவணையாகப் போயிருந்தது. ஓடிபி எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் அவர் போனிலிருந்தே வெளியே போயிருக்கிறது. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போட்டதில் கொஞ்சம் முடக்க முடிந்தது, மீதி போனது போனதுதான். 'நான் படிக்காதவன், அதான்' என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. படித்தவர்களும் இதே கோப்பை அழுத்தித்தான் இருக்கிறார்கள்.

இப்போது நிதானமாக யோசியுங்கள். அந்தக் கோப்பு எந்தக் கடையிலிருந்து வந்தது? எந்தக் கடையிலிருந்தும் வரவில்லை. அனுப்பியவருக்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை, நாளைக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு ஆப் கடை என்றால் பதிவு செய்த நிறுவனம் இருக்கும், ஆப் போட்டவர் யார் என்ற பதிவு இருக்கும், புகார் கொடுத்தால் அதைக் கடையிலிருந்து எடுக்க முடியும். சித்தப்பாவின் பணம் போட்டிக் கடையால் போகவில்லை. கடையே இல்லாத சந்தில் போனது.

பெரிய கடை என்றால் திருட்டு இல்லை என்பதும் இல்லை. கடன் ஆப்கள் என்று வந்து, போட்டோவைத் திருத்தி மிரட்டிய கொடுமை நினைவிருக்கும். 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200க்கும் மேற்பட்ட கடன் ஆப்களைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கியது நல்லது. ஆனால் அத்தனையும் அதே கடைவாசல் வழியாக உள்ளே வந்தவைதானே.

உண்மையான காவல் கடையில் பாதி, போனின் அடித்தளத்தில் பாதி. ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் தகவலைத் தொட முடியாதபடி தனித்தனி அறையில் வைப்பது, எஸ்எம்எஸ், கேமரா, தொடர்பு எண் எதற்கும் உங்களிடம் கேட்க வைப்பது எல்லாம் இயங்குதளத்தின் வேலை. ஆப் எந்தக் கடையிலிருந்து வந்தாலும் அந்தக் காவல் நிற்கும். ஆண்ட்ராய்டில் பிளே புரொடெக்ட், வெளியிலிருந்து வந்த ஆப்களையும் சோதிக்கிறது. ஐரோப்பாவில் வேறு கடையில் வரும் ஐபோன் ஆப்பையும் ஆப்பிள் முன்கூட்டியே தீங்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுகிறது. ஆகக் காவலையும் வியாபாரத்தையும் பிரிக்க முடியும் என்பது கண் முன்னால் தெரிகிறது. காவலுக்கு இருக்கிறவரே கல்லாவிலும் உட்காருவேன் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஐரோப்பாவுல திறந்து விட்டாங்களே, அங்க எல்லாம் விலை மலிஞ்சிடுச்சா?

இல்லை. சட்டம் கதவைத் திறக்கச் சொன்னது, ஆப்பிள் திறந்துவிட்டு வாசலில் சுங்கச்சாவடி போட்டது. வேறு கடைக்குப் போகும் விதிகளை ஏற்றுக்கொண்ட ஆப், பத்து லட்சம் இன்ஸ்டாலைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு அரை யூரோ என்று 2024இல் கட்டணம் வைத்தது. குறைந்த வருமானத்தில் ஆப் நடத்துகிறவர் அந்தக் கணக்கைப் பார்த்தாலே ஒதுங்கியிருப்பார். ஆல்ட்ஸ்டோர், எபிக் கடைகள் 2024இல் அங்கே வந்தன, நடக்கின்றன. சட்டம் எழுதும்போது கட்டணத்தையும் எச்சரிக்கை வாசகத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இந்தியாவுல கடை திறக்கிற அளவுக்கு யாராவது இருக்காங்களா?

போன்பே 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோரைத் தொடங்கியது. ஆங்கிலத்தோடு 12 இந்திய மொழிகளில் வந்தது, தமிழும் உண்டு. அம்மா வயதில் உள்ளவர்களுக்கு ஆப் விவரம் தமிழில் இருப்பது பெரிய வசதி. இந்த ஆப் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று புரிகிற மொழியில் படித்தால்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்?

போன்பேயும் வால்மார்ட்டின் கையில் உள்ள பெரிய கம்பெனிதான், நாளைக்கு அதுவும் இதையே செய்யாதா என்று ஒரு பட்டறைக்காரர் கேட்டார். செய்யலாம். அதனால்தான் இரண்டாவது கடை போதாது, மூன்றாவது நான்காவதும் வரட்டும் என்கிறேன். நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981இல் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். சரக்கு அங்கே வருகிறது, மாதிரி எடுத்துத் தரம் பார்க்கிறார்கள், டெண்டரில் விற்கிறார்கள். விற்பவர்களே சேர்ந்து நடத்தும் கடையில் தரச் சோதனையும் நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டுமா? ஆப் செய்கிறவர்கள் சேர்ந்து அப்படி ஒன்று நடத்தும் நாளை நான் உண்மையிலேயே எதிர்பார்க்கிறேன்.

2024ல கல்யாண ஆப்பெல்லாம் காணாமப் போச்சே, அதுவும் இந்தக் கதையா?

இதே கதைதான். கட்டணத் தகராறில் 2024 மார்ச் 1ஆம் தேதி கூகுள் சில இந்தியக் கம்பெனிகளின் ஆப்களைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அமைச்சர் தலையிட்டார், சில நாளில் திரும்ப வந்தன. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அமைச்சர் பேசினார். என் ஆப் போனால் யார் பேசுவார்கள்?

சரி, எப்படி அனுமதிக்கணும்ங்கறீங்க?

புதுப் போனை முதல்முறை திறக்கும்போதே எந்தக் கடை வேண்டும் என்று கேட்கட்டும். கடை நடத்துகிறவர் இந்தியாவில் பதிவும், தமிழில் பேசிப் புகார் வாங்கும் ஆளும் வைத்திருக்க வேண்டும். திருட்டு ஆப்பால் பணம் போனால் கடைக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். இது பெரியவர்களுக்கும் பொருந்தும். பதிவு பெற்ற கடைக்கு ஒரு மாதிரி எச்சரிக்கை, முகவரி இல்லாத ஏபிகேவுக்கு வேறு மாதிரி, சிவப்பாக, தமிழில், 'இது உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கப் போகிறது' என்று. அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் சித்தப்பா நிறுத்தியிருப்பார் என்றே நம்புகிறேன். ஆப்பை ஒருவர் நிறுத்தினால் எந்த விதிப்படி என்று எழுத்தில் சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் மனிதர் ஒருவர் பதில் தர வேண்டும். கட்டணம் எடுக்கட்டும். போட்டிக் கடையில் விற்றதற்கும் எனக்குப் பங்கு கொடு என்று மட்டும் கேட்கக் கூடாது.

அதெல்லாம் வர்றப்ப வரட்டும். இப்ப நான் என்ன செய்யணும்?

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளைத் திறந்து, தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதிக்கான (Install unknown apps) பகுதியைத் தேடுங்கள். எந்தெந்த ஆப்புக்கு வெளிக்கோப்பு நிறுவ அனுமதி இருக்கிறது என்று பட்டியல் வரும். வாட்ஸ்அப்புக்கும் பிரௌசருக்கும் அது கண்டிப்பாக மூடியிருக்க வேண்டும். வேறு கடை போட விரும்பினால் அதன் சொந்த வலைதளத்திலிருந்து மட்டும் போடுங்கள், போட்டு முடித்ததும் பிரௌசருக்குக் கொடுத்த அனுமதியை மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல், அந்த நிமிஷமே 1930க்குப் பேசுங்கள். மறுநாள் பேசினால் பணம் பல கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

உங்க ஆப்ப வாட்ஸ்அப்ல அனுப்பி விடுங்களேன், இன்னும் சுலபமா இருக்குமே?

மாட்டேன் அண்ணா. எத்தனை அவசரம் என்றாலும் அனுப்ப மாட்டேன். இரண்டு கடைகளில் வைத்திருக்கிறேன், எது வேண்டுமோ அதில் எடுத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் சொல்லுங்கள், பட்டறைக்கே வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.